ஒரே ரூபாய், மூன்று அளவு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காசினோக்களில் நாணயம் போட்டு, சக்கரம் சுழற்றி ஆடும் ஸ்லாட் எனும் சூதாட்ட இயந்திரங்கள் மறைந்துபோனதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். கம்ப்யூட்டர் வந்ததால் காசு போனது என்று கட்டுரை சொல்கிறது. காசு மெஷின்களைப் பிரித்து மாட்டும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பாதி விளக்கமாகத்தான் படும். அங்கே காசு போன காரணம் வேறு, நம் சென்னை ரயில் நிலையங்களில் காசு போட்டால் எடைச் சீட்டு தரும் எடை மெஷின் நின்றுபோன காரணம் வேறு. இரண்டாவதை இன்றைக்கும் சரிசெய்யலாம் என்பதால் எழுதுகிறோம். சூதாட்டத்துக்கு ஆதரவாக இதில் ஒரு சொல்லும் இல்லை.

சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த லிபர்ட்டி பெல் இயந்திரத்தில் மூன்று சக்கரம், ஒரு கைப்பிடி, அதிகபட்சப் பரிசாகப் பத்து நிக்கல் (5 சென்ட்) காசு, அவ்வளவுதான். 1960களில் பாலி நிறுவனத்தின் மணி ஹனி என்ற இயந்திரம் வந்தது. அதன் அடியில் பெரிய ஹாப்பர், அதாவது காசு தேங்கும் கிண்ணம். கிண்ணத்தில் சுழலும் தட்டு காசை ஒவ்வொன்றாக அள்ளி மேலே தள்ளும், வாயிலில் உள்ள சுவிட்ச் எண்ணிக்கொள்ளும். ஆள் வராமலே 500 காசு வரை கொட்டிவிடும். வளைந்த காசு ஒன்று தட்டுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டினால் மோட்டார் நின்றுவிடும். கிண்ணம் காலியானால் ஊழியர் மூட்டையைச் சுமந்து வர வேண்டும். நிரம்பினால் மிகுதி அடியிலுள்ள வாளியில் விழும், வாளி வாளியாக எடுத்துப்போய் எண்ண வேண்டும். 25 சென்ட் காசு ஒன்று 5.67 கிராம். ஆயிரம் டாலருக்கு 4,000 காசு, கிட்டத்தட்ட 22.7 கிலோ. நூற்றுக்கணக்கான இயந்திரங்களுக்கு இதைத் தூக்கித் தூக்கி நிரப்பும் கூலியைத்தான் 2000க்குப் பிறகு பரவிய, வென்ற தொகையைக் காசாகக் கொட்டாமல் அச்சிட்டுத் தரும் பார்கோடு ரசீது மிச்சப்படுத்தியது. காசை அடையாளம் காண்பதில் அங்கே பெரிய சிக்கல் இருக்கவில்லை. இரண்டு கம்பிச்சுருளுக்கு நடுவே ஒரு மாதிரிக் காசைச் செருகி வைப்பார்கள். உள்ளே விழும் காசு மாதிரியோடு ஒத்துப்போனால் ஏற்கும், இல்லாவிட்டால் திருப்பித் தள்ளிவிடும்.

நம் எடை மெஷினில் இருந்தது பெரும்பாலும் மின்சாரம் தேவைப்படாத சல்லடை. முதலில் துளை, காசின் விட்டத்தையும் தடிமனையும் பார்க்கும். அடுத்து எதிர் எடை கட்டிய தொட்டில், எடை குறைந்த காசை வெளியே சரித்துவிடும். மூன்றாவது காந்தம், காசுக்குப் பதிலாகப் போடும் இரும்பு வாஷரைப் பிடித்துக்கொள்ளும். 1980களில் புழங்கிய 26 மி.மீ., 6 கிராம் ரூபாய் செம்பு–நிக்கல் கலவை, காந்தத்தில் ஒட்டாது. 1992இல் ரூபாய் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியது. அந்த எஃகு காந்தத்தில் ஒட்டும் வகை. காந்தத்தை வைத்தால் நல்ல காசே மாட்டிக்கொள்ளும், கழற்றினால் வாஷரும் உள்ளே போகும். மூன்று காவலில் ஒன்று அன்றைக்கே போய்விட்டது.

பிறகு வந்ததுதான் பெரிய அடி. 1992 ரூபாய் 25 மி.மீ., 4.85 கிராம். 2011இல் வந்தது 22 மி.மீ., 3.79 கிராம். 2019இல் வந்தது 20 மி.மீ., 3.09 கிராம். மூன்றும் செல்லும், மூன்றும் ஒரே சட்டைப்பையில் கிடக்கும். இதில் இன்னொரு கொடுமை, 2011இல் வந்த இரண்டு ரூபாயும் சரியாக 25 மி.மீ., 4.85 கிராம். பழைய ரூபாய்க்குச் செட் செய்த மெஷின் புது ரூபாயைத் துப்பியது, இரண்டு ரூபாயை ஒரு ரூபாய் என்று விழுங்கியது. தொட்டிலின் எடையைக் குறைத்துப் பார்த்தால் சின்னக் காசு அகலமான பாதையில் ஆடி, குறுக்கே திரும்பி அடைத்துக்கொள்ளும். பாதையைக் குறுக்கினால் பெரிய காசு நுழையாது. மாதிரிக் காசு வைக்கும் மின்னணுப் பெட்டியை மாட்டினாலும் ஒரு மாதிரிக்கு ஒரு காசுதான், மூன்று ரூபாய்க்கு மூன்று பெட்டி வேண்டும். காசு போட்டுச் சீட்டு வராதவர் மெஷினை ஓங்கித் தட்டுவார், கண்ணாடி உடையும், பிறகு பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். கடை வாசல்களில் தொங்கிய ஒரு ரூபாய் போனைச் செல்போன் கொன்றது என்பது உண்மை. எடை மெஷினைச் செல்போன் கொல்லவில்லை.

இதற்கு வழி பத்து ரூபாய் நாணயம். 27 மி.மீ., 7.71 கிராம். 2019 வரிசையிலும் விட்டம் அதேதான், எடை 7.74 கிராம். இந்த வித்தியாசத்தைத் தொட்டில் பொருட்படுத்தாது. சென்னைக் கடைகளில் இதை வாங்கத் தயங்குகிறார்கள், ஆனால் 14 வடிவங்களும் செல்லும் என்று 2018இலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. துளையை 27 மி.மீ. காசு உரசாமல் நுழையும் அளவுக்கு அரம் போட்டு அகலப்படுத்தி, தொட்டில் 7 கிராமுக்குக் கீழே உள்ளதைச் சரித்துவிடும்படி எதிர் எடையை நகர்த்தினால் போதும். இன்று புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் எதுவும் தேறாது. ஒரு எச்சரிக்கை: 20 ரூபாய் நாணயமும் 27 மி.மீ.தான், 8.54 கிராம். தெரியாமல் போடுபவருக்குப் பத்து ரூபாய் நஷ்டம், ஆகவே துளையின் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும். எடை பார்க்கப் பத்து ரூபாயா என்று கேட்பார்கள். டீக்கடையில் ஒரு டீ இன்று அதைவிட அதிகம். கியூஆர் அட்டை போதாதா என்றும் கேட்கலாம். செல்போன் இல்லாத முதியவரும், அப்பாவின் கையிலிருந்து காசு வாங்கிப் போட ஆசைப்படும் குழந்தையும் அங்கே என்ன செய்வார்கள்?

மீதிப் பழுதுகள் பழக்கமானவை. தளத்தின் அடியில் நெம்புகோல்கள் தாங்கி நிற்கும் கத்தி முனைகள் மழுங்கினால் ஒரே ஆளுக்கு இரண்டு முறை இரண்டு எடை காட்டும். அவற்றைத் தீட்டலாம், ஆனால் எண்ணெய் தடவக் கூடாது, தூசி அப்பிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டைச் சீட்டு ஊதி, வெளியே தள்ளும் தகட்டில் மாட்டும். சீட்டுக்கட்டை முழுக்க நிரப்பாமல் பாதி வைத்து, உள்ளே ஒரு சிறு பல்பை எரியவிட்டால் ஈரம் தங்காது. சக்கரம் ஆடிக்கொண்டிருக்கும்போது காசு போட்டால் அந்த நொடியில் எந்த எண் நிற்கிறதோ அதுவே அச்சாகும். "சக்கரம் நின்ற பிறகு காசு போடவும்" என்ற பலகை அதற்காகத்தான், அதைத் திரும்ப எழுதி வைக்க வேண்டும்.

எழும்பூர் நிலையம் சீரமைக்கப்படும் இந்த நேரத்தில் தெற்கு ரயில்வே அங்கே இரண்டு எடை மெஷினுக்காவது இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் அருங்காட்சியகத்தில் ஒன்றை, உள்வேலை தெரியும்படி பக்கத் தகடு கழற்றிக் கண்ணாடி போட்டு, ஓடும் நிலையில் வைக்கலாம். தேவை ஒரு பிளக், நனையாத மூலை, மட்டப்பலகை வைத்துச் சமன் பார்த்த தரை. இயக்கும் முன் முத்திரை எடைக்கற்களை 20, 40, 60 கிலோவாக ஏற்றி, தளத்தின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். மூலைக்கு மூலை எடை மாறினால் கோளாறு நெம்புகோல்களிலும் இருக்கலாம், தரையிலும் இருக்கலாம், இரண்டையும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
எடை மெஷின், காயின் பாக்ஸ் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை – 2.