எட்டாவது பாட்டு

டேய் மணி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். எட்டு மாசம். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, உன்னை விசாரித்தாள். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. சம்பளத்தைத் தவிர மற்றதெல்லாம் நல்ல வேலை. இனி விஷயம்.

நாம் ஏமாந்திருக்கிறோம்டா. முப்பத்தைந்து வருஷமாக.

போன ஞாயிறு சின்னவள் போனில் பாஸ்டன் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தைப் போட்டுவிட்டாள், "உங்க ஆளுங்கதானே?" என்று. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். 'யூஸ்டு டு பேட் நியூஸ்' முடிந்ததும் என் காது வழக்கமான 'டக்'குக்குக் காத்திருந்தது. டக் வரவில்லை. இன்னொரு பாட்டு வந்தது! 'டோன்ட் பி அஃப்ரெய்ட்'. எட்டாவது பாட்டு. நமக்கு ஏழுதானே தெரியும்?

கணக்குப் போட்டேன். ஆல்பம் கிட்டத்தட்ட 34 நிமிஷம். நாம் பதிவுபண்ணக் கொடுத்தது அறுபது நிமிஷக் கேசட், பக்கத்துக்கு முப்பது. ஏழாவது பாட்டு முடிகிற இடத்தில் சரியாக முப்பது ஆகிறது. ரெக்கார்டிங் கடை அண்ணன் பச்சை மையில் 'ஃபுல் ஆல்பம்' என்று எழுதிக் கொடுத்தாரே, அதே கேசட்தான். பி பக்கம் ராஜா பாட்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தது யார்? தொண்ணூறு வாங்கினால் ஐந்து ரூபாய் தண்டம் என்றது யார் என்று நீ கேட்காதே.

அதை வைத்துக்கொண்டு மாடியில் எத்தனை ராத்திரி கத்தியிருப்பேன், "அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலம், பாதியில் நிக்குது" என்று. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவின் தலைவர் டாம் ஷோல்ஸும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லிவந்தார். எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்து, போலராய்டில் இன்ஜினீயராக இருந்துகொண்டே வாட்டர்டவுன் வீட்டு நிலவறையில் பாட்டை இழைத்த மனுஷன். முதல் ஆல்பம் 1976. இரண்டாவதை 1978 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். தனக்குத் திருப்தி வருவதற்குள் ரெக்கார்டு கம்பெனி பிடுங்கிக்கொண்டது என்பது அவர் மனத்தாங்கல். எல்.பி. இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் வெறும் 15 நிமிஷம், பாரேன். ஆனாலும் அமெரிக்காவில் முதலிடம். மூன்றாவதுக்கு எந்த மிரட்டலுக்கும் மசியவில்லை. கேஸ் போட்டார்கள், அதிலும் ஜெயித்தார். நடுவில் வாக்மேன் சைஸில் ராக்மேன் என்று கிடாருக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் வேறு செய்து விற்றார். ஆல்பம் வந்தது 1986-ல். எட்டு வருஷம்! என் எட்டு மாசத்துக்குப் போய் மூஞ்சியைத் தூக்காதே.

சரி, எட்டாவது பாட்டு எப்படி என்கிறாயா? சுமார். மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். கிடார் அடுக்கெல்லாம் அவர்கள் பாணிதான், ஆனால் ஒட்டவில்லை. இந்த வயசில் கேட்கிற புதுப்பாட்டு இனி ஒட்டாதோ என்னவோ.

கையை நிறுத்தியது நாலாவதுதான், 'எ மேன் ஐல் நெவர் பி'. பியானோவில் மெல்ல ஆரம்பித்து, ஆறரை நிமிஷத்துக்கு ஏறிக்கொண்டே போகுமே. துடைப்பத்தைக் கிடாராக்கி ஆடினோமே தவிர, வரியை எங்கே கேட்டோம்? நீ நினைக்கிற ஆள் நான் இல்லை, ஆகவும் முடியாது என்று ஒருத்தன் ஒத்துக்கொள்கிற பாட்டுடா அது. எழுதியது ஷோல்ஸ். பாடிய பிராட் டெல்ப் 2007-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 55. நாம் அதைத் தாண்டிவிட்டோம். "வெங்காயமாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன்.

உன் கடிதத்தின் கடைசியில், ரிட்டயர் ஆகிற நேரத்தில் திரும்பிப் பார்த்தால் எதையுமே முழுசாகச் செய்யவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தாய். சோம்பல் பாதிதான், அந்த வரிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள். இப்போதும் தெரியவில்லை. தீபாவளிக்கு வா, பேசுவோம். ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் எத்தனை மணியானாலும் போன் போடு.

கேசட் உன் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும், எடுத்து வா. டேப் ரெக்கார்டரை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன், பெல்ட் மாற்ற வேண்டுமாம்.

அந்த ஐந்து ரூபாயை நானே போட்டிருக்கலாம்.

உன்
ரவி