விண்ணப்பத்தில் இடம்பெறாத இருபது ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருமணம் வறுமையைத் தீர்க்கும் என்ற வாதம் பாதி உண்மைதான். ஒரே வாடகையையும் ஒரே அடுப்பையும் இருவர் பகிரும்போது செலவு குறைகிறது. ஒருவர் வேலையிழந்தாலும் மற்றவர் சம்பளம் தாங்குகிறது. ஆனால், உலக அளவில் ஊதியமற்ற பராமரிப்பு வேலை நேரத்தில் 76.2 விழுக்காடு பெண்களுடையது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்கிட்டிருக்க, குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் விடுப்பு எடுப்பவர் யார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அந்த விடுப்புகளே வேலையைக் கைவிடுவதில் முடிந்து, பின்னர் கணவர் இறந்தாலோ பிரிந்தாலோ, இருபது ஆண்டுகள் வீட்டை நடத்தியவர் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் வெறும் கோடு போட்டுவிட்டு விண்ணப்பிக்கிறார். அந்த ஆண்டுகளைக் கணக்கில் கொள்ள வழி இல்லாமல் இல்லை; குழந்தை வளர்த்த காலத்தை ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கும் முறை ஜெர்மனியில் 1986 முதலே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்