மகளுக்கு: என்ட பழைய எம்.ஜி. மிட்ஜெட் காரில எதை மாத்துறன், எதைத் தொடமாட்டன்

அன்பு மகள்,

உன்ட வொய்ஸ் மெசேஜ திருப்பித் திருப்பிக் கேட்டன். "அப்பா ஒண்டையும் மாத்தாதேங்கோ, ஒரிஜினலா இருந்தாத்தான் அதுக்குப் பெறுமதி" எண்டு சொல்லியிருக்கிறாய். கொவென்ட்ரியில இருந்துகொண்டு நீ அப்பிடித்தான் சொல்லுவாய், அங்க ஒரு ஃபோன் அடிச்சா சாமான் வீட்டு வாசலுக்கு வருது, இங்க திருகோணமலையில ஒரு வோட்டர் பம்ப் பழுதானா நான் கொழும்புக்கு பஸ் ஏறி பஞ்சிகாவத்தை கார்ச் சாமான் கடை முழுக்க அலையோணும். வட்ஸப்பில எழுதினா துண்டு துண்டாப் போகுது, அதான் ஆறுதலா இருந்து எழுதுறன். பெறுமதி எண்டுறது விக்கிறவனுக்குத்தான் பிள்ளை, நான் ஓடப்போறன்.

முதல்ல பயப்படாத, என்ஜினை மாத்தேல்ல. இங்க எல்லாரும் சொல்லுற ஒரே யோசனை "அண்ணை, அந்தப் பழசைத் தூக்கிப்போட்டு ஒரு டொயோட்டா என்ஜின இறக்குங்கோ" எண்டுதான், வழியால போறவரும் கேற்றடியில நிண்டு சொல்லிப்போட்டுத்தான் போறார், நானும் ஓமோம் எண்டு தலையாட்டுறது. 1275 சிசி, ரெண்டு எஸ்.யு. காபரேட்டர், 65 குதிரை சக்தி, கார் 700 கிலோ சொச்சம்தான், அதுக்கு இது தாராளமாக் காணும். என்ஜின் நம்பரும் கார்ப் பதிவுப் புத்தகத்தில பதிஞ்சு கிடக்கு, அதை மாத்திப்போட்டு பிறகு ஆர் கந்தோர் கந்தோரா அலையிறது. இன்னொண்டு, மொறிஸ் மைனர் காரும் இதே ஏ சீரிஸ் என்ஜின் குடும்பம்தானே, இந்த நாட்டில மைனர் ஓடுற வரைக்கும் பொயின்ற், டிஸ்ட்ரிபியூட்டர் கப், காபரேட்டர் சாமான் எண்டு எனக்குப் பெரிய கவலையில்ல. (ஒரு காலத்தில மைனருக்கு பொடி சாமான் இலங்கையில அடிச்சு இங்கிலாந்துக்கு அனுப்பினவங்கள், அங்க உன்னோட வேலை செய்யுற ஆக்களுக்கு ஒருக்காச் சொல்லு.) என்ஜின்ட சிலிண்டர் ஹெட்ட மட்டும் கழட்டி லேத்துக்குக் குடுத்து எக்ஸோஸ்ட் வால்வ் சீட்டுக்கு கடும் இரும்பில ரிங் போடுவிச்சன். 2002ல இங்க ஈயம் கலந்த பெற்றோல நிப்பாட்டினது தெரியும்தானே, அந்த ஈயம்தான் பழைய சீட்டுகளைத் தேய விடாம வைச்சிருந்தது, இப்ப நெடுகிலும் வேகமா ஓடினா சீட் உள்ளுக்க இறங்கி வால்வைத் தள்ளுற டப்பட்டின்ட இடைவெளி குறைஞ்சுகொண்டே வரும். இந்த மாற்றம் வெளியில நிண்டு பாக்கிற ஒருத்தருக்கும் தெரியாது, உனக்கும்தான்.

நீ கேக்காத விசயம்தான் எனக்குப் பெரிய வேலையாக் கிடந்தது. பொடி. மிட்ஜெட்டுக்குத் தனியா சேசிஸ் எண்டு ஒரு அடிச்சட்டம் இல்ல, மேல இரும்புக் கூரையும் இல்ல, அப்ப முழுப் பாரத்தையும் தாங்குறது கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஓடுற சில் பனலும் நடுவில போற டனலும்தான். கார் முந்திக் கிடந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில, அங்கத்த ஈரம் தொடக்கி வைச்சதை இங்கத்த உப்புக்காத்து முடிச்சு வைச்சிட்டுது, வெளியில பெயிண்ட் பளபளக்குது, விரலால அமத்தினா அப்பளம் மாதிரி உள்ளுக்க போகுது. கிண்ணியாவில இருந்து வெல்டிங்குக்கு வாற முஸ்லிம் அண்ணை, எங்கட நானா, வந்த உடன கிரைண்டரைக் கையில எடுத்திட்டார், நான்தான் மறிச்சு வைச்சன். கூரையில்லாத காரில சில்ல அப்பிடியே அறுத்தா நடுப்பக்கம் தொஞ்சு போகும், அதுக்குப் பிறகு என்னதான் வடிவா ஒட்டினாலும் கதவு பூட்டாது. அதால சஸ்பென்ஷன் வாற இடங்களில கீழால முட்டுக் குடுத்து, கதவு வாசலுக்குக் குறுக்க, பிணைச்சல் தூணில இருந்து பூட்டுத் தூண் வரைக்கும், கதவு பூட்டுறதுக்கு இடைஞ்சல் இல்லாம உள்பக்கமா பெட்டி இரும்பை வெல்ட் பண்ணி இறுக்கிப்போட்டு, பிறகுதான் வெட்டினது, அதுவும் ஒரு பக்கம் மட்டும். கொம்பனிக்காரன் புள்ளி புள்ளியா ஸ்பொட் வெல்ட் வைச்ச இடமெல்லாம் ட்ரில் போட்டுக் கழட்டி, புதுத் தகட்டிலயும் அதே இடைவெளிக்கு ஓட்டை போட்டு மிக் வெல்டிங்கால நிரப்பினம். உள் சில் முதல், வெளிச் சில் பிறகு. நாலைஞ்சு டக், அதான் சின்னப் பிடி வெல்ட், வைக்கிறது, கதவைக் கொழுவி இடைவெளி பாக்கிறது, சரியெண்டா அடுத்த டக். நானாவுக்கு இந்தக் கதவைக் கொழுவிக் கொழுவிக் கழட்டுற வேலையில சரியான எரிச்சல், ஆனா இடப்பக்கம் முடிச்சுப்போட்டு கதவைச் சாத்தேக்க "டக்" எண்டு ஒரு சத்தம் வந்துதே, அதுக்குப் பிறகு வலப்பக்கத்துக்கு அவரே என்னைக் கேக்காம முட்டுக் குடுக்கத் தொடங்கிட்டார். உள்ளுக்க சிங்க் பிரைமர் அடிச்சாச்சு, பெயிண்ட் முடிய மெழுகு அடிப்பம், அடியில தண்ணி வடியுற ஓட்டைகளை ஆரும் பட்டி வைச்சு அடைச்சிடாம நான் பக்கத்திலயே நிண்டுகொண்டிருக்கிறன். பிரேக் பைப்பும் முழுக்கப் புதுசு போடோணும், சாதாரண இரும்புக் குழாய் இந்தக் கடற்கரையில கனகாலம் நிக்காது, செம்பும் நிக்கலும் கலந்த குழாய்தான் போடப்போறன்.

இனித்தான் நீ கோவிக்கப்போற இடம். கியர்பொக்ஸ். ஒரிஜினல் பெட்டி நாலு கியர், முதலாவதுக்கு, ஓடேக்க கியர் கடிக்காம விழ வைக்கிற சிங்க்ரோ இல்ல, ஊருக்குள்ள ஓட்டோக்களுக்குப் பின்னால ஊர்ந்து போகேக்க முதலாம் கியர் போடவேணுமெண்டா காரை முழுசா நிப்பாட்டோணும், இல்லாட்டி கறார் எண்டு பல்லுக் கடிக்கும். பெருந்தெருவில போனாலும் 60 மைலில என்ஜின் 3,500க்கு மேல கத்திக்கொண்டுதான் போகும், அபறணைக்குப் போய்ச் சேரேக்க காது அடைச்சுப் போயிரும். அதுக்கு நான் போடப்போறது டட்சன் சன்னி பி310ல வந்த அஞ்சு கியர் பெட்டி. இது என்ட கண்டுபிடிப்பு இல்ல, அமெரிக்காவில பழைய மிட்ஜெட்காரர் கனகாலமா இதே டட்சன் பெட்டியத்தான் போடுறவங்கள், இதுக்கெண்டே கிட் வித்தவங்கள். சன்னி எங்கட நாட்டில எவ்வளவு ஓடினது எண்டு உனக்கே தெரியும், உன்ட மாமா வைச்சிருந்ததும் அதுதானே. இடையில ஒரு அடாப்டர், பிரொபெல்லர் ஷாஃப்ட்ட அளவுக்கு மாத்தி பலன்ஸ் பண்ணோணும், ஸ்பீடோ கேபிளும் வேற. தம்பி கணக்குப் போட்டு வரைஞ்சு வைச்சிருக்கிறான், அவன்ட படத்தை உனக்கு அனுப்பச் சொல்றன், நீ இஞ்சினியர்தானே, பிழையிருந்தா அவனுக்குச் சொல்லு, எனக்கு வேண்டாம். பழைய பெட்டிய எண்ணெய் பூசிச் சுத்தி சாமான் அறையில வைப்பன். நாளைக்கு உனக்கு ஒரிஜினல்தான் வேணுமெண்டா ஸ்பானர எடுத்து நீயே திருப்பிப் போடு. நான் எனக்குப் போட்ட சட்டம் இது ஒண்டுதான், ஸ்பானரால கழட்டித் திருப்பிப் பூட்டக்கூடியதெல்லாம் மாத்துவன், கிரைண்டர் வைக்கிறது துருப்பிடிச்ச தகட்டுக்கு மட்டும். சில பேர் செய்யுற மாதிரி ஃபெண்டரை வெட்டி அகலப்படுத்தி பெரிய டயர் போடுற கூத்து இங்க நடக்காது. அபறணை எண்டதும் ஞாபகம் வருது, கந்தளாய் தாண்டினா பின்னேரத்தில யானை நிக்கும், கூரையில்லாத, இடுப்பளவு உயரக் காரில போறது வீரமில்ல, அதால விடியவே போயிட்டு வெயிலோட திரும்பிறதெண்டு அம்மாவுக்கு வாக்குக் குடுத்தாச்சு.

வயரிங் பெரிய கதையில்ல. 67ம் ஆண்டு மொடல், பொசிட்டிவ் எர்த், அதாவது பட்டரியின்ட பொசிட்டிவ் முனைதான் பொடியில, அதை நெகட்டிவாக்கி டைனமோவுக்குப் பதிலா ஓல்டர்னேட்டர் போடுறன், இல்லாட்டி ஹெட்லைட்டோட மின்விசிறிய ஓடவிட்டா பட்டரி தாங்காது, இந்த வெயிலுக்கு மின்விசிறி இல்லாமலும் ஏலாது. முழுக் காருக்கும் ரெண்டே ரெண்டு ஃபியூஸ் வைச்சவனை என்ன சொல்லுறது, அதையும் கூட்டுறன். வயர் நிறம் மட்டும் லூக்காஸ்காரன் வைச்ச மாதிரியே, பிரவுண் பட்டரியில இருந்து, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸுக்குப் பிறகு, கறுப்பு எர்த்.

பெயிண்டுக்கு உன்ட உதவி வேணும். சுரண்டிப் பாத்தா மேல சிவப்பு, கீழ ஒரு நீலம், அதுக்கும் கீழ என்னவோ ஒரு வெளிறின நிறம், அது பிரைமரோ ஒரிஜினலோ எண்டு தம்பிக்கும் எனக்கும் நெடுகச் சண்டை. உனக்குக் கிட்ட கெய்டன் எண்ட இடத்தில பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கு, சேசிஸ் நம்பரைக் குடுத்து காசு கட்டினா ஃபக்டரிப் பதிவைப் பாத்து எப்ப செய்தது, என்ன நிறம் எண்டு சேர்ட்டிபிக்கட் தருவாங்கள். ஜி.ஏ.என். 4ல தொடங்குற நம்பர், தகட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்புறன். நிறத்தில நான் உன்ட கட்சி, என்ன வந்தாலும் அதையே அடிப்பன், அம்மா சிவப்புத்தான் வடிவு எண்டு நிக்கிறா, அவவோட நீ கதை. பெயிண்ட் பழைய என்.சி., நைட்ரோசெல்லுலோஸ்தான். ஹார்டனர் கலந்து அடிக்கிற 2கே பெயிண்ட் அடிச்சா கடினமா நிக்கும், ஆனா அந்த ஹார்டனரில இருக்கிற ஐசோசயனேட் புகைக்கு வெளிக்காத்துக் குழாயோட மாஸ்க் வேணும், எங்கட கராஜில அதுக்கு வசதியில்ல. என்.சி.யில வில்லங்கம் என்னெண்டா மாரியில அடிச்சா தின்னர் ஆவியாகேக்க தகடு குளிர்ந்து ஈரம் படிஞ்சு பெயிண்ட் வெள்ளை பூக்கும், கச்சான் காத்துக் காலத்தில அடிச்சா உவர்மலைப் புழுதி முழுக்க அதில வந்து ஒட்டும். அப்ப தை முடிய, மாசி பங்குனியிலதான் அடிக்கலாம், அதுவும் காலமை.

பெட்டிக்குள்ள கொண்டு வரச்சொல்லுறது கொஞ்சம்தான், காபரேட்டருக்கு ஊசியும் ஜெட்டும், அந்த செம்பு நிக்கல் குழாய் ஒரு சுருள், கதவு ரப்பர். பாரம் கூடினா ரப்பரை விடு, சொக்லேட்டைக் குறைச்சாலும் பறவாயில்ல. மார்கழியில வாறனெண்டு சொன்னாய், அப்ப சரியான மழை, காரும் பெயிண்ட் இல்லாம பிரைமரோட நிக்கும், மேல போடுற துணி ஹூட்டும் ஒழுகும். சித்திரைக்கு வாவன், புதுவருசத்துக்கு அம்மாவோட நிண்டமாதிரியும் இருக்கும், நிலாவெளி ரோட்டில நீயே ஓடிப் பாத்து அந்த அஞ்சாம் கியரைப் பற்றிச் சொல்லலாம். டிக்கெட் போட முதல் ஒரு சொல்லு சொல்லு, தம்பியும் லீவு எடுக்கோணும்.

அப்பா