குழாய்த் தண்ணியோட கடினத்தன்மை எவ்வளவுன்னு எங்களுக்குச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்க வீட்டு கீசரைக் கழட்ட வேண்டியதாப் போச்சு. ரெண்டு மூணு மாசமாவே ஸ்விட்ச் போட்டா உள்ள கூழாங்கல்ல உருட்டுற மாதிரி சத்தம், தண்ணி சூடாக முன்னைவிட ரொம்ப நேரம், கடைசியில ஒருநாள் சூடே ஆகல. மெக்கானிக் தம்பி தண்ணியைச் சூடாக்குற காயிலை வெளிய இழுத்தாரு, அது காயில்னே தெரியல, விரல் தடிமனுக்கு வெள்ளையும் பழுப்புமா ஓடு கட்டிக் கிடந்துச்சு. ஸ்க்ரூடிரைவரால தட்டத் தட்ட பொலபொலன்னு உதிருது, டேங்க் அடியில இருந்து மட்டும் ரெண்டு கை நிறைய அள்ளிப் போட்டாரு. "உப்புத் தண்ணிக்கா, எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான்"னு சொல்லிட்டு புது காயில் மாட்டிட்டுப் போயிட்டாரு.

இந்த "உப்புத் தண்ணி"ங்கற வார்த்தையிலதான் நாம மாட்டிக்கிறோம்னு எனக்குத் தோணுது. வாயில வெச்சா கரிக்கிற தண்ணியையும் உப்புத் தண்ணிங்கறோம், சோப்பு நுரைக்காத தண்ணியையும் உப்புத் தண்ணிங்கறோம், ஆனா ரெண்டும் வேற வேற. கரிக்கிறது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. காயில்ல ஓடு கட்டுறது கால்சியமும் மெக்னீசியமும், இதுங்களோட அளவைத்தான் கடினத்தன்மைங்கறாங்க. மழைத் தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கிட்டு லேசா அமிலமாகி, சுண்ணாம்புப் பாறை வழியா இறங்கும்போது அதைக் கரைச்சு எடுத்துட்டு வருது. அதைச் சூடு பண்ணினா அந்த வாயு வெளிய போயிடும், கரைஞ்ச சுண்ணாம்பு திரும்பக் கல்லாவே படிஞ்சிடும். அதனாலதான் பச்சைத் தண்ணி போற பைப்பைவிட கீசரும் கெட்டிலும் சீக்கிரம் அடைக்குது. இதுவே சல்ஃபேட், குளோரைடு வடிவத்துல இருந்தா கொதிக்க வெச்சாலும் போகாது. அது தெரியாம கொதிக்க வெச்சா சரியாயிடும்னு கேஸை வீணாக்கினதுல நானும் ஒருத்தி.

நாங்க லேப்ல கொடுத்து டெஸ்ட் பண்ணினப்போ கடினத்தன்மை லிட்டருக்கு 420 மில்லிகிராம்னு வந்துச்சு. பொதுவா 60 வரைக்கும் மென்மையான தண்ணி, 120க்கு மேல போனா கடினம், 180ஐ தாண்டினா மிகக் கடினம்னு பிரிக்கிறாங்க. ஒரு வீட்டுல நாளைக்கு 500 லிட்டர் செலவாகுதுன்னு வெச்சா 210 கிராம் சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாம குழாய் வழியா உள்ள வருது, முழுசும் படியாதுதான், ஆனா படியறதே போதும். ஷவர்ல பாதி ஓட்டை அடைச்சிருக்கு, டைல்ஸ்ல வெள்ளைத் திட்டு, துண்டு காஞ்சா அப்பளம் மாதிரி விறைச்சு நிக்குது, என் பொண்ணு தலைக்குக் குளிச்சா முடி பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு சீப்பு இறங்க மாட்டேங்குது. அது அழுக்கு போகாததால இல்ல. சோப்பு இந்தத் தண்ணியில கால்சியத்தோட சேந்து திரிதிரியா ஒரு படிவமா மாறிடுது, நுரை வரலன்னு நாம இன்னும் சோப்பு போடறோம், படிவம் இன்னும் கூடுது.

இதுக்கு நடுவுல வீட்டுக்கு ஃபில்டர் விக்க ஒருத்தர் வந்தாரு. ரெண்டு கிளாஸ், ஒண்ணுல எங்க தண்ணி, இன்னொண்ணுல ஆர்ஓ தண்ணி, ரெண்டுலயும் கரண்ட் கம்பியை விட்டாரு. எங்க கிளாஸ் ஒரு நிமிஷத்துல பழுப்பாகி சேறு மாதிரி ஆயிடுச்சு, எங்க மாமியார் பயந்தே போயிட்டாங்க, இதையா இத்தனை வருஷமா குடிச்சோம்னு. அந்தப் பழுப்பு தண்ணியில இருந்த அழுக்கு இல்லைங்க, அந்த இரும்புக் கம்பியே கரைஞ்சு துருவா வர்றது. ஆர்ஓ தண்ணியில உப்பு கம்மி, கரண்ட் அவ்வளவா ஓடாது, அதனால தெளிவா நிக்குது. அதே கிளாஸ்ல ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுட்டுக் கம்பியை விடச் சொல்லுங்க, அதுவும் பழுப்பாகும். இதைக் காட்டி யாராவது விக்க வந்தா தயவுசெஞ்சு நம்பாதீங்க.

டிடிஎஸ் மீட்டரும் அப்படித்தான். அது தண்ணியில கரண்ட் எவ்வளவு பாயுதுன்னு அளந்து மொத்த உப்பைக் கணக்கு போடுது, அதுல எவ்வளவு கால்சியம்னு சொல்லாது, கிருமி இருக்கான்னும் சொல்லாது. கடினத்தன்மையைக் குறைக்கற சாஃப்ட்னர் மெஷின் வெச்ச பிறகும் மீட்டர்ல அதே நம்பர்தான் காட்டுதுன்னு சண்டை போடுறவங்க இருக்காங்க. சாஃப்ட்னர் உப்பை எடுக்கறதில்ல, கால்சியத்தை வாங்கிட்டு சோடியத்தைக் கொடுக்குது, மொத்தம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இதுல கவனிக்க வேண்டியது, 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தா 46 மில்லிகிராம் சோடியம் ஏறும். எங்க 420க்கு லிட்டருக்கு 190க்கு மேல. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்குள்ள இருக்கச் சொல்லுது, ரெண்டு லிட்டர் தண்ணி குடிச்சாலே அதுல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு போயிடும். பிரஷர் இருக்கற பெரியவங்க வீட்டுல குடிக்கிற குழாயை மட்டும் சாஃப்ட்னருக்கு முன்னாடியே பிரிச்சு விடறது நல்லது, செடிக்கு ஊத்தறதையும்தான்.

உடம்புக்குக் கெடுதலான்னு எல்லாரும் கேக்கறாங்க. கடினத்தன்மைக்குன்னு உடல்நல அடிப்படையில உலக சுகாதார நிறுவனம் எந்த வரம்பும் வைக்கல, அதனால அதை நினைச்சு மட்டும் பயப்பட வேண்டாம். லிட்டருக்கு ஃப்ளோரைடுக்கு 1.5, நைட்ரேட்டுக்கு 50 மில்லிகிராம்னு வரம்பு வெச்சிருக்காங்க, அந்த ரெண்டும் கண்ணுக்கும் தெரியாது நாக்குக்கும் தெரியாது, ஷவர்ல படிஞ்சும் காட்டாது. தோல் அரிப்பு விஷயத்துல, எக்ஸிமாங்கற தோல் அழற்சி இருக்கற 336 குழந்தைகளை வெச்சு இங்கிலாந்துல பண்ணின ஆய்வு 2011ல வெளிவந்துச்சு, சாஃப்ட்னர் வெச்சதால எக்ஸிமா குறைஞ்சதா தெரியலன்னுதான் அதுல முடிவு. குழந்தைக்காகக் கடன் வாங்கி மெஷின் போடுற பெத்தவங்களுக்கு இது தெரியணும்.

படிஞ்ச சுண்ணாம்பை எடுக்க வினிகரோ சிட்ரிக் ஆசிட்டோ போதும், ஷவர் தலையைக் கழட்டி ராத்திரி ஊறப் போட்டா காலையில பிரஷ்ஷால தேய்ச்சாலே வந்துடும். ஆனா எந்த ஆசிட்டையும் ப்ளீச்சோட சேத்து ஊத்திடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து.

நான் எழுத வந்த காரணம் என்னன்னா, 420ங்கற அந்த ஒரு நம்பரைத் தெரிஞ்சுக்க நாங்க சொந்தமா லேபுக்கு அலைஞ்சோம், ஆனா தண்ணி விடுறவங்ககிட்ட அது இருக்கணுமே. ஜெர்மனியில சோப்புத்தூள் சட்டத்துலயே தண்ணி சப்ளை பண்றவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது கடினத்தன்மை எந்த வகைன்னு மக்களுக்குச் சொல்லணும்னு இருக்கு, பாக்கெட்டுலயும் எந்தத் தண்ணிக்கு எவ்வளவு தூள்னு போட்டிருப்பாங்க. அமெரிக்காவுல 1996ல திருத்தின சட்டப்படி தண்ணி தர அறிக்கை வருஷா வருஷம் மக்களுக்கு வருது. நாங்க கேக்கறது அவ்வளவு பெரிய அறிக்கை கூட இல்ல. பில்லுல ஒரு வரி, இந்த மாசம் தண்ணி எங்கிருந்து, கடினத்தன்மை இவ்வளவு, ஃப்ளோரைடு நைட்ரேட் இவ்வளவு, டெஸ்ட் பண்ணின தேதி. ஆத்துத் தண்ணியில இருந்து போர் தண்ணிக்கு மாத்தும்போது ஒரு மெசேஜ்.

கீசர்ல இருந்து எடுத்த சுண்ணாம்புத் துண்டுகளை ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். வர்ற திங்கக்கிழமை மனு எழுதிட்டு தண்ணி ஆபீசுக்குப் போறப்போ அதையும் எடுத்துட்டுப் போறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி