இறக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதறது.

இங்க எல்லாரும் சௌக்கியம். தலைகுந்தாவில உறைபனி ஆரம்பிச்சாச்சு. கேரட் விலை போச்சுன்னு சித்தப்பா அதே பாட்டு. அதை விடு.

போன் பண்ணினா "பிராக்டிஸ்ப்பா"ன்னு வெச்சுடறே. ஹாஸ்டல் படியில கம்பியைப் பிடிச்சு ஏறுறேன்னு காதுல விழுந்துச்சு. யார் சொன்னாங்கன்னு கேக்காதே.

முதுகுவலிக்கு நாங்க போற குன்னூர் பிசியோகிட்ட, சும்மா பொதுவாத்தான், விசாரிச்சேன். முன்தொடை பலம் 100ன்னா பின்தொடைக்கு 60ஆவது வேணுமாம். இடதுக்கும் வலதுக்கும் 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா அவர் ஆட விடமாட்டாராம். குதிச்சுத் திரும்புற ஆட்டத்துல பசங்களைவிட பொண்ணுங்களுக்குத்தான் ஏசிஎல், அதான் முட்டிக்குள்ள எலும்பைப் பிடிச்சு வெச்சிருக்கிற நார், அதிகமா கிழியுதாம். இறங்கும்போது முட்டி உள்ளே சாயும், முன்தொடையே எல்லாத்தையும் தாங்கப் பாக்கும். அவர் சொல்லச் சொல்ல எனக்கு நீதான் தெரிஞ்சே. ஸ்மாஷ் அடிச்சிட்டு ஒத்தை இடது கால்ல வந்து நிப்பே, அந்த முட்டி வலது முட்டிகிட்ட போயிட்டு வரும். மாவட்ட வாலிபால் போட்டியில அதைப் பாத்துத்தான் நான் அப்படிக் கை தட்டினேன். டிப்போவில இன்னும் என்னை "அந்த அட்டாக்கர் பொண்ணோட அப்பா"ன்னுதான் சொல்றாங்க.

பின்தொடைதான் பிரேக், பாப்பா. கல்லட்டி மலைப்பாதையோட 36 வளைவையும் எந்த வண்டியும் ஏறிடும். இறக்கத்துல முதல் கியர் போடாதவனைத்தான் பள்ளத்துல தேடணும். கோச் அவசரப்படுத்துவார், செலக்‌ஷன்னு சொல்வார். சொல்லட்டும்.

பின்தொடைப் பயிற்சியை விடாதே. முட்டி போட்டு, யாரையாவது கணுக்காலை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, உடம்பை வளைக்காம மெதுவா முன்னால சாயணும். ஒத்தைக்கால்ல உக்காந்து எழுந்திரிக்கறதை இடது கால்ல முதல்ல செய். இடதுக்கு எத்தனை முடியுதோ வலதுக்கும் அத்தனைதான். வலது தெம்பா இருக்கேன்னு கூட ரெண்டு போடுவே, உன்னை எனக்குத் தெரியும். சின்னதுலயே அண்ணன்கூட போட்டி போட்டு வீங்கின காலோட பள்ளிக்கூடம் போனவதானே. வலிச்சா நிறுத்து. நிறுத்திட்டுச் சொல்லு, எங்ககிட்ட இல்லேன்னாலும் அங்க பிசியோகிட்ட.

கோயமுத்தூர் வண்டியில வர்க்கி குடுத்து அனுப்பியிருக்கேன், ரூம்ல எல்லாருக்கும் குடு. பின்தொடையை விடாதே.

அம்மா கேக்கச் சொன்னா, நான் இல்லை: ஞாயித்துக்கிழமை மேட்ச்ல இறங்கினியா?

அப்பா