சான்றிதழ் விற்கும்போது பாஸ்போர்ட்டைப் பற்றியும் சொல்லுங்கள்

சென்னை, கோவை, திருச்சி என்று ஊர் ஊராக டெஃபெல், டெசால் என்று, வேற்றுமொழிக்காரருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பழக்கும் வகுப்பு நடத்தும் பயிற்சி மையத்தாருக்கு,

வணக்கம். 2018-ல் உங்களில் ஒருவரிடம் 28,000 ரூபாய் கட்டி, 120 மணி நேர டெஃபெல் சான்றிதழ் வாங்கியவன் நான். எந்த மையம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் எல்லாம் 'நாங்கள் அப்படி இல்லை' என்று ஒதுங்கிக்கொள்வீர்கள். வரவேற்பறைச் சுவரில் உலக வரைபடம் மாட்டியிருந்தது. சீனா, கொரியா, ஜப்பான், தாய்லாந்து, வியட்நாம் ஐந்திலும் சிவப்பு ஊசி குத்தியிருந்தது. எங்கள் ஆள் இல்லாத நாடே இல்லை என்று சொல்லிக்கொண்டே பில் போட்டார்கள்.

அந்த ஊசிகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கொரியாவை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் கற்பிக்க அங்கே தரும் இ-2 விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. நமக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, பட்டமும் முறையான ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர் அங்கே பள்ளிகளில் உதவி ஆசிரியராகலாம். அந்த ஜன்னலை உங்கள் 120 மணி நேரம் திறக்காது. பி.எட். படித்தவருக்குத்தான் அங்கே பேச்சு. இதை நான் உங்கள் வகுப்பில் ஒரு தடவைகூடக் கேள்விப்படவில்லை. சீனாவிலும், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டுக்காரர்தான் வேண்டும் என்பதே பொது விதி. போதாக்குறைக்கு 2021 ஜூலையில், பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்தக் கூடாது என்று அந்த அரசு உத்தரவு போட்டது. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு சீனப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் எடுப்பதும் அதோடு போயிற்று. போன மாதம் பார்த்த ஒரு விளம்பரத்தில் சீனக் கொடி இன்னும் பளபளவென்று இருக்கிறது.

சரி, தாய்லாந்து. அது நிஜமாகவே நம்மை உள்ளே விடும். நானே போனேன், தென் தாய்லாந்தின் ஒரு சிற்றூரில் நாலு வருஷம் இருந்தேன். ஆனால் போன விதம் இருக்கிறதே! "டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கிடுங்க, ஸ்கூல்ல மாத்திக் கொடுத்துடுவாங்க" என்றார்கள். வொர்க் பெர்மிட் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், மேற்கொண்டு நாடு கடத்தல் என்று எனக்குச் சொன்னவர், அங்கே என்னோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் அக்கா ஒருவர்தான். அதுவும் நான் மூன்று வாரம் பாடம் எடுத்து முடித்த பிறகு. அன்றிலிருந்து பள்ளி வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தாலே வயிற்றைக் கலக்கும். திங்கட்கிழமைகளில் தாய்லாந்து ஆசிரியர்களும் காக்கிச் சீருடைதான் போடுவார்கள் என்பது வேறு விஷயம்.

அப்புறம் விசா மாற்ற மலேசியா போக வேண்டியிருந்தது. ஹாட்யாயிலிருந்து எல்லை ஊரான பாடாங் பெசார் வழியாக ரயில் பிடித்து பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரியில் பினாங்கு. அங்குள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தில் மனு கொடுத்துவிட்டு, லிட்டில் இந்தியாவில் வாழை இலை போட்டுச் சாப்பிட்டேன். கடைக்காரப் பெரியவர், என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "சயாம்காரனுக்கு நீங்க இங்கிலீஷ் சொல்லித் தர்றீங்களா தம்பி? பேஷ்!" என்று இன்னொரு கரண்டி மீன் குழம்பு ஊற்றினார். நாலு வருஷத்தில் என் வேலைக்குக் கிடைத்த உருப்படியான பாராட்டு அதுதான். சென்னையிலேயே தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருக்கிறது. பள்ளியின் கடிதத்தை முதலில் வாங்கியிருந்தால், பட்டத்துக்கு உண்மைத்தன்மைச் சான்று, வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, போலீஸ் சான்று எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிட்டு, சரியான விசாவோடு விமானம் ஏறியிருப்பேன். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இப்போது இது இன்னும் மோசமாகியிருக்கிறது. 2023 நவம்பரில் இந்தியர்களுக்குத் தாய்லாந்து விசா விலக்கு கொடுத்ததும், "விசாவே வேண்டாம், டிக்கெட் போடுங்க" என்று பேச ஆரம்பித்துவிட்டீர்கள். அந்த விலக்கு சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கு, சாக்பீஸ் பிடிக்கிறவனுக்கு இல்லை.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு 18,000 பாட். பக்கத்து வகுப்பில், ஹோட்டல் நிர்வாகம் படித்த தென்னாப்பிரிக்க இளைஞனுக்கு 32,000. நல்ல பையன், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எம்.ஏ. ஆங்கிலம் படித்த என்னிடம் டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண் கேட்டார்கள், அவனிடம் கேட்கவில்லை. இதற்குப் பெயர் 'நேட்டிவ் ஸ்பீக்கர்', அதாவது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர். விளம்பரத்தில் அந்த வார்த்தைக்குப் பக்கத்திலேயே 'புகைப்படம் கட்டாயம்' என்று இருக்கும். புகைப்படத்தில் உச்சரிப்பு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டெசால் ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பே 1991-லும் 2006-லும் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து அறிக்கை விட்டிருக்கிறது. அந்த அமைப்பின் ஆய்விதழான டெசால் குவார்ட்டர்லிக்கு ஆசிரியராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர் சுரேஷ் கனகராஜா. இந்தத் துறையில் அவ்வளவு உயரத்துக்கு நம் ஆள் ஒருவர் போயிருக்கிறார் என்பதையாவது வகுப்பில் சொல்லக் கூடாதா?

அதற்குப் பதிலாக நீங்கள் செய்தது 'அக்சென்ட் நியூட்ரலைசேஷன்' என்று பதினைந்து மணி நேரம் எங்கள் நாக்கைத் திருகியது. வகுப்பறையில் உதவியது திருகாத நாக்குதான். தாய்லாந்துப் பிள்ளைகளுக்குச் சொல்லின் கடைசியில் 'ல்' வராது, 'ன்' ஆகிவிடும். ஃபுட்பால் அவர்கள் வாயில் 'ஃபுட்பொன்'. பஸ் 'பட்'. அவர்கள் கடைசி மெய்யை அமுக்கிவிடுவார்கள், நாம் அதைத் தனியே விட மனசு வராமல் ஒரு உகரம் சேர்ப்போம். ஒருநாள் போர்டில் 'பஸ்ஸு' என்று எங்கள் ஊர் உச்சரிப்பை எழுதிக் காட்டி, "நான் இங்கே, நீங்கள் அங்கே, பஸ் நடுவில் நிற்கிறது" என்றேன். ஐம்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பையன் மட்டும் 'பஸ்...ஸ்...ஸ்' என்று பாம்பு மாதிரி சீறிக்கொண்டே இருந்தான். மறுநாள் ஏழெட்டுப் பேருக்கு 'ஸ்' வந்துவிட்டது. இந்த மொழியை விழுந்து எழுந்து படித்தவனுக்குத்தான் எங்கே பள்ளம் என்று தெரியும். இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை 'வாய் க்ரு' நடக்கும். ஆசிரியர்களை வணங்கும் நாள். பிள்ளைகள் முழந்தாளில் நகர்ந்து வந்து பூத்தட்டை நீட்டினார்கள். பார்த்தால் அருகம்புல், கத்தரிப்பூ, எங்கள் வீட்டு வாசலில் பூக்கிற இட்லிப்பூ. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கும்பிடு போடுவதில் மட்டும் அந்தப் பள்ளியில் நான்தான் நேட்டிவ். அதனால், யாரும் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பத்து மாதச் சம்பளத்தில் பன்னிரண்டு மாதம் ஓட்டியும், மறுபடி கூப்பிட்டால் போவேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பணம் வாங்குவதற்கு முன், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாடு என்ன வேலை தரும் என்று எழுதிக் கையில் கொடுங்கள். டெஃபெல் என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடிக்கலாம் என்பதைச் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜ் தரும் ஆங்கில ஆசிரியர் சான்றிதழான செல்டாவும் ஏறக்குறைய அதே 120 மணி நேரம்தான். ஆனால் அதில் நிஜ மாணவர்கள் முன்னால் ஆறு மணி நேரம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். நான் உங்களிடம் படித்தபோது எடுத்துக் காட்டியது இருபது நிமிஷம், அதுவும் சக மாணவர்களுக்கு.

என் அண்ணன் மகள் இந்த சனிக்கிழமை உங்களில் ஒருவரின் டெமோ வகுப்புக்கு வருகிறாள். வரைபடத்தில் கொரியாவுக்கு நேராக இருக்கும் ஊசியைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதிலை எழுதி வாங்கி வரவும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
2018 பேட்ச் மாணவன்