மகனுக்கு, ராத்திரி விஷயமாக

அன்புள்ள கண்ணா,

அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் போதும் என்று சொன்ன பிறகும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்கிறார், அது தனக்கு எடுப்பாக இருக்கிறதாம். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், அது ஒரு பெரிய கதை. அப்புறம் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரியைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டோம், ஒரு தடவை அவள் பால் கொடுக்கிறாள், அடுத்த தடவை நான் பாட்டிலில் கொடுக்கிறேன் என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் வீட்டு ஆண்களில் குழந்தை அழுகிற சத்தத்துக்கு எழுந்த முதல் ஆள் நீ. உன் தாத்தா தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார், உன் அப்பாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ பேசிக்கொண்டிருந்தபோது அவள் உனக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. அவள் தூங்கவில்லை. சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இந்தப் பாதி பாதி. காதுக்கு நியாயமாக இருக்கிறது, ஆனால் பால் அப்படி வேலை செய்வதில்லை. மார்பு காலியாகக் காலியாகத்தான் ஊறும். நிறைந்தே நின்றால் இவ்வளவு போதும் போலிருக்கிறது என்று உடம்பு குறைத்துக்கொள்ளும். பால் ஊற வைக்கிற புரோலாக்டின் என்கிற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகமாகச் சுரக்கிறது. அதனால் இந்த முதல் வாரங்களில் ராத்திரிப் பாலைத் தொடர்ந்து தாண்டிக்கொண்டே போனால் பகல் பாலும் குறையும். சரி, இரண்டு மணிக்கு நீ பாட்டில் கொடுக்கும்போது அவள் என்ன செய்கிறாள்? தூங்கிவிட்டாள் என்றால் விடியும்போது பால் கட்டிக்கொண்டு மார்பு கல் மாதிரி இருக்கும். கட்டிய பால் இறங்காமல் நின்றால் ஒரு பக்கம் சிவந்து, தொட முடியாத வலியும் காய்ச்சலும் வரலாம். அது வரக் கூடாது என்று அவளும் எழுந்து பம்ப் போடுகிறாள் என்றால், நீ எடுத்துக்கொண்ட பாதி எங்கே போயிற்று? எழுந்தது இரண்டு பேர். அந்தப் பம்ப்பின் பாகங்களை மூன்று மணிக்கு யார் கழுவுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டேன், சொல்லு.

உன்னைக் குறை சொல்லவில்லை. பால் கொடுப்பது ஒன்றுதான் உன்னால் முடியாது. அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வேலை எல்லாம் உன்னால் முடியும். ராத்திரியை நீளமாக்குவதே அந்த முன்னும் பின்னும்தான்.

பாப்பா அழுத பிறகு எழுந்தால் ஏற்கெனவே தாமதம். அழுகை பசியின் கடைசிக் கட்டம். அதற்கு முன்னாலேயே தலையை இப்படியும் அப்படியும் திருப்பும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், உதட்டைச் சப்புக்கொட்டும். அந்தச் சின்னச் சத்தத்துக்கு எழுகிற ஆள் நீயாக இரு. தொட்டிலை உன் பக்கம் போட்டுக்கொள். நீயே தூக்கி, டயாபர் மாற்றி, அவள் பக்கத்தில் கொண்டுபோய்க் கொடு. ஒரு பக்கம் குடித்ததும் பாப்பா அசந்துபோகும், இந்த வயதில் அப்படித்தான். அப்போது வாங்கி டயாபர் மாற்றினால் முழித்துக்கொண்டு அடுத்த பக்கமும் குடிக்கும். எப்போது மாற்றுவது என்பதை உன் பாப்பாவே சொல்லித் தரும். அவளுக்குக் கை எட்டுகிற இடத்தில் தண்ணீர் இருக்கட்டும், பால் கொடுக்க ஆரம்பித்ததும் தொண்டை வறளும். பெரிய விளக்கைப் போடாதே. பேசாதே. உன் போன் வெளிச்சமும் வேண்டாம்.

குடித்து முடித்ததும் பாப்பாவை நீ வாங்கிக்கொள். தோளில் போட்டு ஏப்பம் வர வைத்து, எதுக்களித்தால் துடைத்து, மல்லாக்க அதன் படுக்கையில் விட்டு, அது கண் மூடுகிறவரைக்கும் நிற்பது எல்லாம் உன் பங்கு. அவள் மார்பிலிருந்து பாப்பா விலகியவுடன் அவள் கண்ணை மூட வேண்டும். ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுக்கப் பழகினால் அவள் எழுந்து உட்காரவே வேண்டாம், ஆனால் நீ முழித்திருக்க வேண்டும். இன்னொன்று, பாப்பாவை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் அசந்துபோகாதே. அவளும் வேண்டாம், நீயும் வேண்டாம். படுக்கையைவிடச் சோபா ஆபத்து. தூக்கம் கண்ணைக் கட்டினால் பாப்பாவை அதன் படுக்கையில் விட்டுவிடு, அழுதாலும் பரவாயில்லை. இதை நான் போனிலும் சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன்.

அவள் தூங்குகிறாளா?

இந்த வயதில் ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்கும். சாயங்காலமானால் விட்ட இடத்திலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கும். பால் போதவில்லை என்று அப்போது உங்கள் இருவருக்குமே தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. நாளைக்கு ஆறு டயாபராவது நன்றாக ஈரமாகி, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் போதுகிறது என்று அர்த்தம். நீ அந்த ஆப்பில் ஒவ்வொரு நிமிஷத்தையும் பதிந்து வைத்திருக்கிறாயே, இடது பக்கம் பதினொரு நிமிஷம், வலது பக்கம் ஒன்பது என்று, காட்டினாய். கெட்டிக்காரன்தான். ஆனால் அந்த ஆப்பில் அம்மா எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று ஒரு கட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு காகிதத்தில் நீயே எழுதிக்கொள்.

எத்தனை தடவை யார் எழுந்தார்கள் என்று எண்ணாதே. அவளுக்குத் தொடர்ச்சியாக எவ்வளவு தூக்கம் கிடைத்தது என்று மட்டும் பார். அரை மணி, முக்கால் மணி என்று பத்துத் தடவை தூங்குவது தூக்கமே இல்லை. ராத்திரி ஆரம்பத்தில் ஒரு நேரம் பார். எட்டு எட்டரைக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டு அவள் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கட்டும். அடுத்த பால் நேரம்வரைக்கும் பாப்பா உன் பொறுப்பு. நடுவில் சிணுங்கினால் எல்லாம் பசியில்லை, தோளில் போட்டு நட, மார்பில் போட்டுக்கொண்டு உட்கார். நிஜமாகவே பசி என்றால் கொண்டுபோய்க் கொடு, அழவிட்டுக் காக்க வைக்காதே. பிறந்த எடை திரும்பி வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். உங்கள் டாக்டரும் சரி என்றால் இனி அலாரம் வைத்து எழுப்பிக் கொடுக்க வேண்டாம். மூன்று மணி நேரம், ஒரு நல்ல நாளில் நாலு மணி நேரம் அவளுக்குச் சேர்ந்தாற்போல் கிடைக்கும். அதற்குப் பிறகு நீ படு. உனக்கு வேலைக்குப் போக வேண்டும், எனக்குத் தெரியும்.

பாட்டிலுக்கு நான் எதிரி இல்லை. அவளுக்கு விருப்பம் இருந்தால் அந்த முதல் தூக்கத்துக்குள் வருகிற ஒரு வேளையை மட்டும் நீ பாட்டிலில் கொடு. எழுந்ததும் அவள் பாலை எடுத்துவிடட்டும், அல்லது பாப்பாவையே குடிக்க விடட்டும். பால் நன்றாக ஊறி, பாப்பா மார்பை ஒழுங்காகப் பற்றப் பழக மூன்று நாலு வாரமாவது ஆகும் என்றுதான் வார்டில் நர்ஸுகள் நாங்கள் சொல்வது வழக்கம், நீங்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள். பரவாயில்லை. பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து வாயில் ஊற்றாதே. பாப்பாவை நிமிர்த்திப் பிடித்து, பாட்டிலைப் படுக்கை வாட்டில் வைத்து, நடுநடுவே நிறுத்தி நிறுத்திக் கொடு. இல்லையென்றால் பாட்டிலில் சுலபமாக வருகிறதே என்று மார்பில் கோபித்துக்கொள்ளும். பிழிந்த பால் வெளியில் நாலு மணி நேரம், ஃபிரிட்ஜில் நாலு நாள். வாய் வைத்து மிச்சம் விட்டதை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்காதே. மைக்ரோவேவில் சூடாக்காதே, ஒரு பக்கம் கொதித்து நாக்கைச் சுட்டுவிடும், வெதுவெதுப்பான தண்ணீரில் வை. ராத்திரி எடுத்த பாலில் தூக்கத்துக்கு உதவுகிற மெலடோனின் இருக்கும், பகல் பாலில் அவ்வளவு இருக்காது. பாட்டில்மேல் நேரத்தை எழுதிவைத்து ராத்திரிப் பாலை ராத்திரிக்கே கொடு. வேண்டாம், எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் விட்டுவிடு. டாக்டர் பவுடர் பால் சேர்க்கச் சொன்னாலும் யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். நம் பக்கத்து ஆட்கள் ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

கண்ணா, இவ்வளவும் எழுதிவிட்டேன், நான் எழுத வந்தது இன்னும் வரவில்லை.

பிரசவ வார்டில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுவிடுவேன். கட்டிலில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, ‘பாப்பா தூங்கும்போது உன்னால் தூங்க முடிகிறதா அம்மா?’ என்று கேட்பேன். முடிகிறது, ஆனால் நேரம்தான் இல்லை என்பார்கள் பலர். முடியவில்லை சிஸ்டர், படுத்தாலும் கண் மூட மாட்டேன் என்கிறது என்று சொல்கிறவர்களை நான் டாக்டரிடம் சொல்லாமல் விட்டதில்லை. அதே கேள்வியை உன் மனைவியிடம் நான் கேட்டால் அது மாமியார் கேட்ட கேள்வியாகிவிடும். போன தடவை ‘தூங்கினாயா?’ என்றுதான் கேட்டேன். ‘நான் நல்லாத்தான் இருக்கேன் அத்தை’ என்றாள். நான் அதைக் கேட்கவே இல்லை. அப்புறம் கேமரா அணைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் பாப்பாவைப் பார்க்கவும் இல்லை, உன்னைப் பார்க்கவும் இல்லை.

பிரசவமான முதல் இரண்டு வாரம் அழுகை வரும், காரணமில்லாமல் வரும், தானாகப் போய்விடும். பெரும்பாலான பெண்களுக்கு வருவதுதான். உங்களுக்கு மூன்று வாரம் முடிகிறது. இப்போதும் அழுகிறாளா, அல்லது அழுகையும் இல்லாமல் மரத்துப்போய் இருக்கிறாளா? சாப்பிடுகிறாளா? நான் நல்ல அம்மா இல்லை என்கிற மாதிரி ஏதாவது சொன்னாளா? வெறும் களைப்பாகவும் இருக்கலாம். ரத்தம் குறைந்திருக்கலாம், தைராய்டு ஏறி இறங்கியிருக்கலாம், பிரசவத்துக்குப் பிறகு இரண்டும் நடக்கும். எதுவாக இருந்தாலும் பார்த்தால்தானே தெரியும். பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, எடின்பரோ அளவுகோல் என்பார்கள், 1987இல் வந்தது, பல நாடுகளில் இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். டாக்டரிடம் அதைக் கேளுங்கள். அவளே பதில் எழுத வேண்டும், நீ தோளுக்குமேல் எட்டிப் பார்க்காதே. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக் கூடிய மருந்துகளும் இருக்கின்றன, அதனால் பாலை நிறுத்திவிடுவார்கள் என்று அவள் பயப்பட வேண்டாம்.

நான் இல்லாவிட்டால் நீங்கள் நன்றாக இருப்பீர்கள் என்கிற மாதிரி அவள் ஒரு வார்த்தை சொன்னாலோ, தூக்கமே வேண்டாம் என்று பரபரத்தாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதே. அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போ. அவளைத் தனியாக விடாதே.

சித்தி வீட்டில் அந்த மழைக்காலத்தில் நடந்தது உனக்குத் தெரியும். சித்தப்பா கடைசிவரைக்கும் ‘அவ எப்பவுமே அப்படித்தான்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நீ அவர் மாதிரி இல்லை. அவர் மாதிரி பேசவும் செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை நான் ‘அவ ஏன் பேசல?’ என்று கேட்டதற்கு ‘அவ இப்படித்தாம்மா, கொஞ்சம் அமைதி’ என்றாய். கல்யாணத்தன்று உன் மாமாவையே வாயடைக்க வைத்தவளாடா அமைதி?

‘நல்லா இருக்கியா’ என்று அவளிடம் கேட்காதே. இருக்கேன் என்றுதான் சொல்லுவாள். இன்றைக்கு ராத்திரி பாப்பா தூங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, படுத்தால் தூக்கம் வருகிறதா என்று மட்டும் கேள். பதில் சொல்ல நேரம் கொடு. நடுவில் தீர்வு சொல்ல ஆரம்பிக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. நான் கேட்கச் சொன்னேன் என்று சொல்லாதே. சம்பந்தியம்மாவிடம் நானே பேசுகிறேன். விசா வந்ததும் அவர்கள் முதலில் வரட்டும். என் முழங்காலோடு நான் வந்து அங்கே இன்னொரு ஆளைக் கவனிக்க வைக்க மாட்டேன்.

உனக்கும் கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கிறது. அப்பாக்களுக்கும் இந்த மனச்சோர்வு வரும். டாக்டரிடம் போகும்போது உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லு.

உங்கள் ராத்திரி இங்கே பகல். எந்த நேரத்திலும் கூப்பிடு, ஒன்றும் பேசாமல் போனை வைத்துக்கொண்டு பாப்பாவோடு நடந்தாலும் சரி, நான் இந்தப் பக்கம் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டாக்டரிடம் நேரம் வாங்கியதும் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று ஒரு வரி அனுப்பு. பாப்பா போட்டோ அப்புறம் அனுப்பலாம்.

அம்மா